பங்க்ல இருந்து இ10 காணாம போன கதை: இ20 பெட்ரோல் சர்ச்சை, ஒரு முழு ஆய்வு

2025 ஜூலை ஆகஸ்ட் மாசம் இந்தியா முழுக்க வண்டி வச்சிருக்கிறவங்க கிட்ட ஒரே பேச்சு தான். பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, தானியத்துல இருந்து எடுக்கற ஆல்கஹால்) கலக்கறாங்க (இது தான் இ20, 10 சதவீதம்னா இ10), மைலேஜ் போச்சு, பழைய வண்டிக்கு ஆகாது, வாரண்டி கிடைக்காது, இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ண முடியாது, இப்படி போயிட்டே இருந்துச்சு. பெட்ரோலிய அமைச்சகம் ஆகஸ்ட் 4 ஒரு விளக்கம் விட்டாங்க, அது போதலைன்னு 12ம் தேதி இன்னும் நீளமா ஒண்ணு விட்டாங்க. மாசக் கடைசில வண்டி கம்பெனிகள் சங்கமான சியாம், டெஸ்டிங் பண்ற அராய் எல்லாம் சேர்ந்து உக்காந்து பேசினாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் செப்டம்பர் 1 தள்ளுபடி ஆச்சு. இவ்ளோ நடந்தும் பங்க்ல நிக்கிற ஆளுக்கு சந்தேகம் தீரல, ஏன்னு தான் பாக்க போறோம்.

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். எத்தனால் எஞ்சினை என்ன பண்ணும்ங்கறது இதுல பாதி கூட இல்ல. அரசாங்கமே போட்ட நிபுணர் குழு இதை எப்படி செய்யணும்னு ரெண்டு நிபந்தனையோட எழுதி கொடுத்துச்சு, அந்த ரெண்டும் வழில காணாம போச்சு, கோபம் அங்க இருந்து தான் வருது.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். எத்தனால் கலக்கறது நேத்து வந்த விஷயம் இல்ல. 2003லயே 9 மாநிலம், 4 யூனியன் பிரதேசத்துல 5 சதவீதம் கலக்கணும்னு ஆரம்பிச்சாங்க, அந்த லிஸ்ட்ல தமிழ்நாடும் உண்டு, புதுச்சேரியும் உண்டு. ஆனா பேப்பர்ல தான் இருந்துச்சு. 2013-14ல நாடு முழுக்க சராசரி 1.53 சதவீதம் தான் கலந்தாங்க. 2018 உயிரி எரிபொருள் கொள்கைல 20 சதவீதத்துக்கு 2030 வரைக்கும் டைம் குடுத்தாங்க. அப்புறம் அதை 2025-26க்கு முன்னாடி இழுத்துட்டாங்க. 2022 ஜூன்ல 10 சதவீதம் வந்தாச்சு, அதுவும் சொன்ன டைமுக்கு 5 மாசம் முன்னாடி. 2023 பிப்ரவரி 6 பெங்களூர்ல இ20 லாஞ்ச், 11 மாநிலம் யூனியன் பிரதேசத்துல 84 பங்க்ல மட்டும். அப்போ அது ஒரு சாய்ஸ் மாதிரி இருந்துச்சு, வேணும்னா போட்டுக்கோ. சராசரி 2022-23ல 12 சதவீதம், அடுத்த வருஷம் 14.6, 2025ல 20. அதாவது ரெண்டரை வருஷத்துக்குள்ள 84 பங்க்ல இருந்த சரக்கு எல்லா பங்க்லயும் இருக்கற ஒரே சரக்கா ஆயிடுச்சு. என்னைக்கு மாறுச்சுன்னு பெட்ரோல் போடறவனுக்கு யாரும் சொல்லல, பில்லுலயும் வராது, நிறைய இடத்துல பம்ப்புலயும் எழுதி இல்ல.

பிரேசில் இதே வேலையை 1931ல 5 சதவீதத்துல ஆரம்பிச்சு, 1975ல பெரிய திட்டமா ஆக்கி, 2003ல எந்த கலவைலயும் ஓடற பிளெக்ஸ் ஃப்யூயல் கார் கொண்டு வந்து, 2015ல 27 சதவீதம் போயி, 2025 ஆகஸ்ட் 1ல தான் 30க்கு வந்துச்சு. பிரேசிலை பாருங்கன்னு நம்ம ஆளுங்க சொல்றப்ப எல்லாம் இந்த வருஷக் கணக்கை மட்டும் சொல்ல மாட்டாங்க.

மைலேஜ் பயம்: பாதி உண்மை, மீதி வேற கோளாறு

இதுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, நேரா கணக்கு தான். ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் எனர்ஜி இருக்கு, ஒரு லிட்டர் எத்தனால்ல சுமார் 21 தான். மூணுல ஒரு பங்கு கம்மி. அப்போ எத்தனாலே இல்லாத பெட்ரோலோட இ20யை வச்சு பார்த்தா எனர்ஜி கிட்டத்தட்ட 6, 7 சதவீதம் குறையுது. ஆனா நாம 2022லயே இ10 போட்டுட்டு தான் இருந்தோம், அதனால இ10ல இருந்து இ20க்கு வந்ததுல புதுசா குறைஞ்சது மூணரை சதவீதம் மாதிரி. 50 கொடுத்த பைக் 48 சொச்சம் கொடுக்கும், 15 கொடுத்த கார் பதினாலரை கொடுக்கும்.

மத்திய அரசோட திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட ரோட்மேப் ரிப்போர்ட்லயும் (நான் மேல சொன்ன நிபுணர் குழு எழுதினது இது தான்) இதே தான் இருக்கு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு டிசைன் பண்ணி இ10க்கு ட்யூன் பண்ண காருல 6-7 சதவீதம், அதே மாதிரி டூவீலர்ல 3-4 சதவீதம், இ10க்கு டிசைன் பண்ணி இ20க்கு ட்யூன் பண்ண காருல 1-2 சதவீதம் குறையும்னு. அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொன்னது புது வண்டிக்கு 1-2, மத்ததுக்கு 3-6. அந்த மாசக் கடைசில வண்டி கம்பெனிக்காரங்க சொன்னது 2ல இருந்து 4. நம்பர் ஆளுக்கு ஆள் மாறுது, ஆனா ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம் இல்ல, எந்த வண்டியை எதோட வச்சு பாக்கறாங்கங்கறதுல தான் வித்தியாசம் வருது.

இப்போ எனக்கு 25 சதவீதம் மைலேஜ் போச்சு, 30 போச்சுன்னு சொல்றவங்க இருக்காங்களே, அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கு எத்தனால் மட்டும் காரணமா இருக்கவே முடியாது. 20 சதவீதமும் எத்தனாலுக்கு பதிலா வெறும் தண்ணின்னு வச்சா கூட எனர்ஜி 20 சதவீதம் தானே குறையும் (வண்டி ஓடாதுங்கறது வேற விஷயம்). ஏர் ஃபில்டர், டயர் காத்து, இழுத்து பிடிக்கற பிரேக், க்ளட்ச், டிராஃபிக், இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும், ஆனா பழி இப்போ ஈஸியா எத்தனால் மேல போயிடும். இன்னொரு சிக்கல், ஒரு பங்க்ல போன வருஷம் 12ஆ 15ஆ எவ்ளோ இருந்துச்சுன்னே நமக்கு தெரியாது, அப்போ எதோட கம்பேர் பண்றது?

ஆக்டேன் விஷயத்தையும் இங்கயே முடிச்சிடறேன். ஆக்டேன்னா எஞ்சின்ல தட்டல் சத்தம் இல்லாம எரியற திறனுக்கான நம்பர். எத்தனாலுக்கு அது ஜாஸ்தி, 108 கிட்ட, அதனால இ20 பெட்ரோல் 95 ஆக்டேன் வருது, பிக்கப் நல்லா இருக்கும்னு அமைச்சகம் சொல்லுது. உண்மை தான், ஆனா அதை பயன்படுத்திக்கற மாதிரி கம்ப்ரெஷனும் இக்னிஷன் டைமிங்கும் இருந்தா தான். 91 ஆக்டேனுக்கு செஞ்ச பழைய எஞ்சினுக்கு 95 ஊத்தினா அது பாட்டுக்கு எப்பவும் போல தான் ஓடும்.

ரப்பரும் கார்ப்பரேட்டரும்

என்னை கேட்டா கவனமா பாக்க வேண்டிய இடம் இது தான். எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பழைய வண்டில ஃப்யூயல் ஹோஸ், ஓரிங், கேஸ்கெட், கார்ப்பரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் சாதா நைட்ரைல் ரப்பர்ல இருக்கும், அது எத்தனால்ல ஊறினா உப்பும், அப்புறம் காய்ஞ்சா விரிசல் விடும். டேங்க் அடில, லைன்ல வருஷக்கணக்கா படிஞ்ச கசடை எத்தனால் கரைச்சு கொண்டு வந்து ஃபில்டர்ல, ஜெட்ல அடைச்சிடும், அதான் மாத்தின புதுசுல மிஸ்ஸிங் வருது, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது.

இது ஒண்ணும் வாட்ஸப் கதை இல்ல. நிதி ஆயோக் ரிப்போர்ட்லயே அராய், டேராடூன் இந்தியன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், இந்தியன் ஆயில் மூணு பேரும் சேர்ந்து பண்ண டெஸ்ட் முடிவு இருக்கு. மெட்டல் பார்ட்ஸ்க்கு பிரச்சனை இல்ல, எஞ்சின் தேய்மானம் அசாதாரணமா இல்ல, ஸ்டார்ட்டிங் ஓட்டம் எல்லாம் பாஸ். ஆனா ரப்பர் சாமான்களோட தரம் சாதா பெட்ரோலை விட இ20ல கீழ போச்சு, ஒரு வகை நைலான் பிளாஸ்டிக்கோட இழுவை பலமும் குறைஞ்சுதுன்னு அதே ரிப்போர்ட் சொல்லுது. அமைச்சகம் ஆகஸ்ட்ல என்ன சொல்லுச்சு, சில பழைய வண்டில 20,000-30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு ரப்பர் பார்ட், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மி, சர்வீஸ்ல முடிச்சிக்கலாம்னு. சரி, கம்மி தான். ஒரு ஹோஸ் மாத்தறது பெரிய காசு இல்ல. ஆனா லேபர் யாரு கொடுக்கறது, எப்போ மாத்தணும்னு வண்டிக்காரனுக்கு யாரு சொல்றது, ஊர்ல இருக்கற மெக்கானிக் கடைல கிடைக்கற ஹோஸ் எத்தனால் தாங்கற ஹோஸா இல்லையான்னு யாரு பாத்து சொல்றது? அந்த விளக்கத்துல இதெல்லாம் இல்ல.

கார்ப்பரேட்டர் வண்டிக்கு இன்னொரு தலைவலி உண்டு. பெட்ரோல் முழுசா எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டில ஆக்சிஜன் சென்சார் இருக்கு, அது சைலன்சர் வழியா போற புகையை பாத்து இன்னும் கொஞ்சம் பெட்ரோல் அடின்னு சொல்லிடும். கார்ப்பரேட்டர்ல ஜெட் ஓட்டை எவ்ளோவோ அவ்ளோ தான் போகும், அதனால கலவை லீன் ஆகுது (காத்து ஜாஸ்தி, எரிபொருள் கம்மி), காலைல ஸ்டார்ட்டிங் லேட், சோக் இழுக்கணும், கொஞ்சம் சூடும் ஜாஸ்தி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டூவீலர்ல எல்லாம் கிட்டத்தட்ட இன்ஜெக்ஷன் ஆயிடுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி வித்த வண்டி எல்லாம் எங்க போச்சு, இன்னும் ரோட்ல தான் ஓடுது. பால் கேன் கட்டிக்கிட்டு, காய்கறி மூட்டை கட்டிக்கிட்டு ஓடறது எல்லாம் அந்த வண்டிங்க தான். புது கார்க்காரன் சமூக ஊடகத்துல கத்தறான், நிஜமான அடி இவனுக்கு தான் விழுது, அவன் கத்த கூட மாட்டான்.

நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு கூட்டமும் இருக்கு. ரோட்மேப் படி 2023 ஏப்ரல்ல இருந்து வர்ற வண்டில ரப்பர், பிளாஸ்டிக் மட்டும் இ20 தாங்கற மாதிரி இருக்கணும், எஞ்சின் ட்யூனிங் இ10க்கு தான். எஞ்சினே இ20க்கு ட்யூன் ஆகி வர்றது 2025 ஏப்ரல்ல இருந்து. அதனால 2023லயோ 2024லயோ வண்டி எடுத்துட்டு, டேங்க் மூடில இ20 ஸ்டிக்கர் இருக்கு, அப்புறம் ஏன் மைலேஜ் குறையுதுன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுல இருக்கு.

தண்ணி

எத்தனால் தண்ணியை இழுக்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. தெரியாதது என்னன்னா, கொஞ்சம் தண்ணியை எத்தனால் தனக்குள்ள கரைச்சு வச்சிக்கும், ஒரு அளவை தாண்டினா தான் பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேர்ந்து கீழ இறங்கிடும். இ10ல அந்த அளவு சுமார் அரை சதவீதம், 10 லிட்டர் டேங்க்ல 50 மில்லி. இ20ல எத்தனால் ஜாஸ்தி இருக்கறதால இன்னும் அதிகமா தாங்கும். அப்போ இ20 இந்த விஷயத்துல நல்லதான்னு கேட்டா, தாங்கற வரைக்கும் நல்லது, பிரிஞ்சிட்டா அடில நிக்கற சரக்கும் ஜாஸ்தி, பம்ப் உறிஞ்சறது அடில இருந்து தான், வண்டி அங்கயே நின்னுடும். தமிழ்நாட்டு பங்க்ல எல்லாம் இ10 காலத்துலயே "வண்டி கழுவும்போது டேங்க்ல தண்ணி போகாம பாத்துக்கோங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, ஐப்பசி கார்த்திகை மழைல அதுக்கு அர்த்தம் இருக்கு. ஆனா வண்டி மூடியை விட பங்க்கோட பூமிக்கடி டேங்க்ல தண்ணி இறங்கறது தான் பெரிய ஆபத்து, அதை வண்டிக்காரன் எப்படி பாத்துக்கறது? தினம் ஓட்டற வண்டிக்கு இது பெரிய கவலையே இல்ல. மாசக்கணக்குல நிறுத்தி வைக்கற வண்டிக்கு தான்.

வாரண்டி, இன்சூரன்ஸ்

இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆகாதுங்கறது ஒரு ட்வீட் ஸ்க்ரீன்ஷாட்டை தப்பா எடுத்துக்கிட்டு கிளப்பி விட்டது, ஆதாரமே இல்லன்னு அமைச்சகம் சொல்லிடுச்சு. வாரண்டியை மதிப்போம்னு சியாமும் சொல்லியாச்சு. ஆனா மக்கள் ஏன் பயந்தாங்கன்னு பாத்தா, கைல இருக்கற வண்டி புக்லயே எத்தனால் 10 சதவீதம் வரைக்கும் தான் போடலாம்னு அச்சடிச்சு இருக்கு. சங்கம் மேடைல சொன்னது ஒண்ணு, புக்ல இருக்கறது ஒண்ணு, சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல தகராறுன்னு வந்தா எது நிக்கும்? அந்தந்த கம்பெனி அந்தந்த மாடலுக்கு எழுத்துல ஒரு வரி கொடுத்திருந்தா இந்த பயம் ஒரே வாரத்துல அடங்கியிருக்கும்.

காணாம போன ரெண்டு நிபந்தனை

இப்போ மெயின் விஷயத்துக்கு வரேன். 2021 ரிப்போர்ட் எழுதின குழு முட்டாள்களோட குழு இல்ல. மைலேஜ் குறையும்னு அவங்களுக்கு தெரியும், பழைய வண்டி இருக்குன்னு தெரியும். அதனால ரெண்டு விஷயம் எழுதினாங்க. ஒண்ணு, இ20 படிப்படியா வரட்டும், ஆனா பழைய வண்டிக்காக 2025 வரைக்கும் இ10 தொடர்ந்து கிடைக்கணும். ரெண்டாவது, எனர்ஜி குறையறதை ஈடு கட்டற மாதிரி கலப்பு பெட்ரோல் சாதா பெட்ரோலை விட விலை கம்மியா இருக்கணும், அதுக்கு வரிச்சலுகை யோசிக்கலாம்.

ரெண்டாவதுக்கு அமைச்சகம் கொடுத்த பதில் நேர்மையான பதில் தான், ஒத்துக்கணும். அந்த ரிப்போர்ட் எழுதினப்ப எத்தனால் பெட்ரோலை விட மலிவு, 2025ல அப்படி இல்ல. 2021-22ல லிட்டர் 46.66 ரூபாய்க்கு வாங்கின சி மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பிறகு கடைசியா மிஞ்சற பாகு) எத்தனால் 57.97 ஆச்சு, மக்காச்சோள எத்தனால் 52.92ல இருந்து 71.86 ஆச்சு. 2025 ஜூலை கடைசில சராசரி கொள்முதல் விலை போக்குவரத்து, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 71.32 ரூபா, ரீஃபைனரில இருந்து வர்ற பெட்ரோலை விட ஜாஸ்தி. அதனால விலை குறைக்க முடியாதுங்கறாங்க. சரி, அப்போ அந்த மூணு நாலு சதவீதம் யாரு தலைல? மாசம் 3,000 ரூபாய்க்கு பெட்ரோல் போடற ஒரு டெலிவரி பையனுக்கு இ10ல இருந்து இ20 வந்ததுல 100 ரூபா மாதிரி கூட போகுது. பெரிய தொகை இல்லதான், ஆனா நாடு முழுக்க கூட்டி பாருங்க. 2014-15ல இருந்து 2025 ஜூலை வரைக்கும் 1,44,000 கோடி ரூபாய்க்கு மேல அந்நிய செலாவணி மிச்சம்னு அரசாங்கம் சொல்லுது, 20 சதவீதத்துல வருஷம் விவசாயிகளுக்கு 40,000 கோடி போகும்னும் சொல்லுது. நல்ல விஷயம், நானும் வேணாம்னு சொல்லல, கச்சா எண்ணெய்ல 88 சதவீதம் வெளிய இருந்து வாங்கற நாடு இதை செஞ்சு தான் ஆகணும். அதுல ஒரு துளியை பம்ப்புல விலையா இறக்கியிருக்கலாம், இல்ல வரில கழிச்சிருக்கலாம், அதை தான் அந்த குழுவே சொல்லுச்சு.

முதல் நிபந்தனைக்கு பதிலே இல்ல. சுப்ரீம் கோர்ட்டுக்கு போனவர் இ20யை தடை பண்ணுன்னு கேக்கல, எத்தனால் இல்லாத பெட்ரோலும் ஒரு சாய்ஸா இருக்கட்டும், பம்ப்புல எவ்ளோ எத்தனால்னு எழுதுன்னு தான் கேட்டார். அதையும் அப்போதைய தலைமை நீதிபதி கவாய், நீதிபதி வினோத் சந்திரன் பெஞ்ச் தள்ளுபடி பண்ணிடுச்சு. 2025ல எத்தனால் வேணாம்னா பெரிய ஊர்ல சில பங்க்ல கிடைச்ச 100 ஆக்டேன் பெட்ரோல் தான் இருந்துச்சு, லிட்டர் 160 ரூபா கிட்ட. பழைய பைக் வச்சிருக்கறவனுக்கு அதுவா தீர்வு?

வெளிநாட்டுல இதே பயம் வந்தப்ப என்ன பண்ணாங்கன்னு பாருங்க. ஜெர்மனில 2011ல இ10 வந்துச்சு, வெறும் 10 சதவீதம் தான், 90 சதவீதத்துக்கு மேல கார்கள் தாங்கும், ஆனாலும் ஜனங்க தொடவே இல்ல, எல்லாரும் பழைய இ5 பம்ப்புக்கு போய் நின்னாங்க, அங்க ஸ்டாக் தீர்ந்து போச்சு. மார்ச் 8ம் தேதி பொருளாதார அமைச்சர் ப்ரூடர்லே பெட்ரோலுக்காகவே ஒரு உச்சி மாநாடு கூட்டினார். திட்டத்தை கைவிடல, எந்த மாடல் தாங்கும் எது தாங்காதுங்கற லிஸ்ட்டை பங்க் பங்கா கொண்டு போய் சேர்த்தாங்க, இ5 கூடவே தொடர்ந்துச்சு, இ10 சில சென்ட் மலிவு. பிரிட்டன் 2021 செப்டம்பர்ல இ10க்கு மாறினப்ப வண்டி மாடலை போட்டு பாக்க அரசாங்க வெப்சைட்டே வச்சாங்க, சூப்பர் பெட்ரோலை இ5ஆவே விட்டாங்க. பிரேசில்ல சுத்தமான எத்தனால் பம்ப் பக்கத்துலயே இருக்கு, எத்தனால் விலை பெட்ரோல் விலைல 70 சதவீதத்துக்கு கீழ இருந்தா அதை போடு, இல்லன்னா பெட்ரோல் போடுன்னு ஒரு கணக்கை அங்க டிரைவருங்க மனசுலயே வச்சிருக்காங்க. ஆக விலை குறைவு, மாத்து பம்ப், மாடல் லிஸ்ட்ன்னு ஏதோ ஒண்ணு எல்லா இடத்துலயும் இருந்துச்சு. இங்க மூணுமே இல்ல. அதுக்கு மேல, கேள்வி கேட்டா இது காசு வாங்கிட்டு பண்ற பிரச்சாரம்னு மத்திய அமைச்சர் கட்கரி சியாம் கூட்டத்துலயே சொன்னார். பெட்ரோல் லாபி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனா ஹோஸ் உப்பி போனவன் யாருக்கிட்டயும் காசு வாங்கல.

இதுல வண்டிக்கு வெளியயும் ஒரு விஷயம் ஓடுது, சுருக்கமா சொல்லிடறேன். கரும்புல இருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணி ஆகும்னு அதே நிதி ஆயோக் ரிப்போர்ட் சொல்லுது, அதனால தான் மக்காச்சோளம், உடைஞ்ச அரிசி பக்கம் போனாங்க. மக்காச்சோளம் போனா அந்த பக்கம் கோழித்தீவனம் விலை ஏறுது, நாமக்கல் பண்ணைக்காரங்க கிட்ட கேட்டா அவங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். பெரம்பலூர்ல மக்காச்சோளம் போட்டவருக்கு அது நல்ல விலை. ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க தான், இதுல யாரு சரின்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

செய்ய முடியாததுன்னு இதை சொல்லிடவும் முடியாது. ஓசூர்ல இருக்கற டிவிஎஸ் 2019லயே முழு எத்தனால்ல ஓடற அப்பாச்சி பைக் கொண்டு வந்தாங்க. டெக்னாலஜி கைல இருக்கு, பிரச்சனை ஏற்கனவே ரோட்ல ஓடிட்டு இருக்கற வண்டிங்களுக்கு தான்.

இப்போதைக்கு பழைய கார்ப்பரேட்டர் வண்டி வச்சிருக்கறவங்க (நானும் தான்) செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. ஃப்யூயல் ஹோஸை விரல்ல அழுத்தி பாருங்க, பிசுபிசுன்னோ விரிசலாவோ இருந்தா எத்தனால் தாங்கற ஹோஸ்ன்னு கேட்டு வாங்கி மாத்துங்க. ஃபில்டரை வழக்கத்தை விட சீக்கிரம் மாத்துங்க. ஊருக்கு போய் மாசக்கணக்குல வண்டியை நிறுத்தறதா இருந்தா டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வால்வை (பெட்ரோல் காக்) மூடிட்டு கார்ப்பரேட்டர் கிண்ணத்துல இருக்கறதை வடிச்சிடுங்க. ஐடிலிங் நிக்கலன்னா ஏர் ஸ்க்ரூவை மெக்கானிக் கிட்ட ஒரு தடவை செட் பண்ண சொல்லுங்க. மழை நாள்ல பெட்ரோல் போட்ட உடனே வண்டி மக்கர் பண்ணா பில்லை தூக்கி போடாம பங்க்ல போய் கேளுங்க. தண்ணி இருக்கா இல்லையான்னு தண்ணி பட்டா நிறம் மாறற பேஸ்ட் தடவின குச்சியை பங்க் டேங்க்ல விட்டு பாப்பாங்க, அதை உங்க முன்னாடியே பண்ண சொல்லி கேக்கலாம்.

இ20க்கான ரோட்மேப் 2026 அக்டோபர் 31 வரைக்கும் தான், அதுக்கு மேல போறதை பல அமைச்சகங்கள் சேர்ந்த குழுவோட ரிப்போர்ட்டை பாத்து முடிவு பண்ணுவோம்னு 2025 ஆகஸ்ட் விளக்கத்துலயே எழுதியிருக்காங்க. அடுத்த நம்பர் எதுவா வேணா இருக்கட்டும், பம்ப் மேல எத்தனை சதவீதம்னு ஒரு ஸ்டிக்கர், பில்லுல ஒரு வரி, 2023க்கு முந்தின மாடல் ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி கையெழுத்து போட்ட ஒரு லிஸ்ட், இந்த மூணையும் நாம கேக்கணும்.